கடல் சூடானால் கரையில் யாருக்கு நோய் வருகிறது?

"கடல் சூடாகிறது, மட்டம் உயர்கிறது என்று தினமும் படிக்கிறோம். பவளப்பாறை வெளுக்கும், மீன் இடம் மாறும், அது புரிகிறது. ஆனால் புயலிலோ வெள்ளத்திலோ சிக்காத ஒரு சாதாரண மனிதனின் உடம்புக்கு இதனால் என்ன வந்துவிடும்?" என்பது கேள்வி.

நியாயமான கேள்விதான். குடிக்கிற தண்ணீர் வழியாக நிறைய வரும். சாப்பிடுகிற மீன், மட்டி வழியாகக் கொஞ்சம் வரும். புழுக்கம் வழியாக இன்னும் வரும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. ஒரே கரையில், ஒரே கோடையில், ஒரு தெருவில் நோய் வரும், அடுத்த தெருவில் வராது. அந்த வித்தியாசம் எதனால் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால், வங்காள விரிகுடாவின் வடக்கு முனையை, அதாவது வங்கதேசத்தின் தெற்குக் கரையை, முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கடலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பல பத்தாண்டுகளாக விடாமல் ஆராய்ந்த இடம் அது.

பசுங்குடில் வாயுக்கள் பிடித்து வைத்த கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள்தான் போயிருக்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை, நூற்றாண்டுக்குச் சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் என்ற வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழு கணக்கிட்டிருக்கிறது. குளிக்கிற தண்ணீரில் ஒரு டிகிரி கூடினால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாக்டீரியாவுக்குத் தெரியும்.

காலராவிலிருந்து தொடங்கலாம். நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய நோய். 1817-ல் கங்கைக் கழிமுகத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய முதல் பெருந்தொற்றையும் சேர்த்து இதுவரை ஏழு கணக்கில் உள்ளன. 1961-ல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கிய ஏழாவது இன்னும் முடிந்தபாடில்லை. நோயாளியின் மலம் தண்ணீரில் கலக்கிறது, அதை அடுத்தவர் குடிக்கிறார், அவ்வளவுதான் கதை என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. தொற்று அடங்கிய மாதங்களில் கிருமி எங்கே இருக்கிறது? அடுத்த வருடம் அதே பருவத்தில், ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில் ஒரே சமயத்தில் எப்படித் தலைகாட்டுகிறது?

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் 1970-களில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில், காலரா நோயாளியே இல்லாத கரையில், காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர்தான் அதன் பூர்வீகம் என்பது அவர் வாதம். மனிதக் குடல் அது வந்துபோகும் இடம். தண்ணீரில் அது ஒட்டிக்கொண்டு வாழ்வது பெரும்பாலும் கோபிபாட் என்ற மிதவை உயிரியின் மேல். கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும், இறாலுக்குத் தூரத்து உறவான பிராணி அது. அதன் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற கெட்டிப் பொருள்தான் விப்ரியோவுக்கு இருப்பிடம், சாப்பாடு இரண்டும். ஒரே ஒரு கோபிபாட் மேல் பத்தாயிரம் பாக்டீரியா வரை இருக்கலாம். சூழ்நிலை ஒத்துவராதபோது கிருமி சாகாமல் முடங்கிக் கிடக்கும். ஆய்வகத் தட்டில் போட்டு வளர்த்தால் வளராது. தண்ணீரில் கிருமி இல்லை என்று பல காலம் முடிவு வந்துகொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

இங்கேதான் கடல் வெப்பம் உள்ளே வருகிறது. நீர் சூடாகி, ஆறு கொண்டுவரும் சத்தும் சேர்ந்தால், மிதக்கும் பாசி பெருகும். பின்னாலேயே அதை மேயும் கோபிபாட் பெருகும், கூடவே விப்ரியோவும். 2000-ல் கோல்வெல் குழு செயற்கைக்கோள் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பமும் நீர்மட்டமும் ஏறி இறங்குவதும் வங்கதேசத்தில் காலரா ஏறி இறங்குவதும் ஒத்துப்போயின. அங்கே காலரா வருடத்துக்கு இரண்டு முறை உச்சம் தொடும். ஒன்று, மழைக்கு முந்தைய மார்ச் முதல் மே வரை, ஆற்றில் நீர் வற்றிக் கடல் உள்ளே ஏறும் காலம். இன்னொன்று, வெள்ளம் வடியும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. முதல் உச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பைப் பற்றிப் பேசும்போது அதே மாதங்கள் மறுபடி வரும்.

கோபிபாட் மேல்தான் கிருமி இருக்கிறது என்றால், கோபிபாட்டை வடிகட்டினால் போதுமே? இந்த எளிய யோசனையை வங்கதேசத்தின் மத்லாப் என்ற பகுதியின் 65 கிராமங்களில், சுமார் 1,33,000 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். கருவி, பழைய பருத்திச் சேலை. நாலாக மடித்து, குடத்தின் வாயில் கட்டி, குளத்து நீரையும் ஆற்று நீரையும் அதன் வழியே ஊற்ற வேண்டும். புதுச் சேலை அவ்வளவு பயன்படாது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறாகி இடைவெளி சிறுத்த சேலைதான் சரியாகப் பிடிக்கும். 2003-ல் வெளியான முடிவின்படி காலரா 48 சதவீதம் குறைந்தது. தனியாக நீந்தும் பாக்டீரியா சேலையைத் தாண்டிப் போய்விடும்தான். ஆனால் காலரா வர ஒரே மடக்கில் ஏராளமான கிருமிகள் உள்ளே போக வேண்டும், வயிற்று அமிலம் கொஞ்சநஞ்சத்தைக் கொன்றுவிடும். மொத்தமாக ஒட்டிக்கொண்டு வரும் கூட்டத்தைத் தடுத்தாலே பாதி வேலை முடிகிறது. பொது சுகாதாரத்தில் எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. செலவே இல்லை, யாருக்கும் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, அந்தப் பெண்கள் ஏற்கனவே பானத்தைச் சேலையில் வடிகட்டும் வழக்கம் உள்ளவர்கள்.

கைட்டின் இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் மேல் வளரும் விப்ரியோ, சுற்றியிருக்கும் வேறு பாக்டீரியாவின் மரபணுத் துண்டுகளை எடுத்துத் தன்னுடன் சேர்த்துக்கொள்ளும். நோய் உண்டாக்கும் நச்சின் மரபணுவே ஒரு வைரஸ் மூலம் அதற்குள் வந்து சேர்ந்ததுதான். இப்படி மரபணு கைமாறிப் புது வேடத்தில் வந்த ஒரு கிருமி 1992-ல் நம் சென்னையில், அன்றைய மெட்ராஸில், முதலில் தெரியவந்தது. ஓ-139 என்று பெயர். கூடவே 'பெங்கால்' என்றும் சேர்த்துச் சொல்வார்கள், வங்காள விரிகுடாக் கரைகளில் முதலில் பிடிபட்டதால். பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்விட்டது. எட்டாவது பெருந்தொற்று ஆகிவிடுமோ என்று பயந்தார்கள். நல்லவேளை, ஆகவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, கடல் சூடானால் காலரா வரும் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். 1991 ஜனவரியில் பெருவின் கரையோர ஊர்களில் காலரா திடீரென்று வெடித்தது. அந்த ஒரே வருடத்தில் அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், ஏறத்தாழ 2,900 சாவுகள். பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் கடல் சூடாகி, கரைக்கு எதிரே இருந்த மிதவை உயிரிகளோடு கிருமி பெருகியதே காரணம் என்ற விளக்கம் ரொம்ப நாள் செல்வாக்கோடு இருந்தது. 2017-ல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது வேறு கதை தெரிந்தது. லத்தீன் அமெரிக்காவின் பெரிய தொற்றுகளை உண்டாக்கியவை வெளியிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்த ஏழாம் பெருந்தொற்றின் கிளைகள். 1991-ல் வந்த கிளைக்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில். உள்ளூர்க் கடல் விப்ரியோக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நோய் தந்தன. கடலே முழுக் காரணம் என்பவர்களும் மனிதர்களே முழுக் காரணம் என்பவர்களும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கழிமுகத்தில் கடல் வாதம் வலுவானது; அங்கிருந்து கண்டம் தாண்டிப் போவதற்கு விமானமும் கப்பலும் மனிதக் குடலும் தேவை; போய் இறங்கிய இடத்தில் பரவுவதற்கு மோசமான குடிநீர் தேவை.

ஏமனைப் பாருங்கள். போரில் தண்ணீர், கழிவுநீர் அமைப்புகள் சிதைந்தன. 2017 இறுதிக்குள் சந்தேகத்துக்குரிய காலரா நோயாளிகள் பத்து லட்சத்தைத் தொட்டார்கள். அதற்குக் கடல் சூடாக வேண்டியிருக்கவில்லை. மாறாக மலாவி. கடற்கரையே இல்லாத நாடு. இந்தியப் பெருங்கடலில் உருவான அனா புயல் 2022 ஜனவரியில் தாக்கிய பின் அங்கே காலரா தொடங்கியது, மார்ச்சில் கோம்பே புயலும் வந்தது. அது ஓயும் முன்பே 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்தது. காலராவில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்நாட்டின் வரலாற்றிலேயே மோசமான காலரா. கடலைப் பார்த்தேயிராத மலைக்கிராமத்துக்காரருக்குக் கடலால் என்ன நோய் வரும் என்று கேட்டால், இதுதான் பதில்.

காலராவில் சாவது உடம்பில் நீர் வற்றுவதால். சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் கொடுத்தே பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் சிரைவழி மருந்து தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் டிரம்மில் கலந்து கொடுத்த கரைசல் சாவு விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து நாலுக்கும் கீழே கொண்டுவந்தது. ஆக, கிருமி கடலில் பெருகுவதற்கும் மனிதன் சாவதற்கும் நடுவே மூன்று நான்கு கதவுகள் இருக்கின்றன. வடிகட்டுவது, குளோரின் போடுவது, கழிவறை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். எல்லாம் திறந்து கிடக்கும் ஊரில்தான் கடலின் ஒரு டிகிரி ஆளைக் கொல்கிறது.

விப்ரியோவின் பங்காளிகளைப் பற்றிச் சுருக்கமாக. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சைச் சிப்பி தின்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு தரும். 2004 கோடையில் அலாஸ்காவில், அதுவரை தெரிந்த எல்லைக்கு ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, ஒரு சுற்றுலாக் கப்பலில் இந்த நோய் வந்தது. அந்தச் சிப்பி எடுத்த நீர் அந்த வருடம் 15 டிகிரியைத் தாண்டியிருந்தது. விப்ரியோ வல்னிஃபிகஸ் இன்னும் பொல்லாதது. உவர்நீரில் காயம் பட்டால் போதும், சதை அழுகத் தொடங்கும். தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் இறக்கிறார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 1988-க்கும் 2018-க்கும் இடையில் இந்தக் காயத் தொற்று எட்டு மடங்கு பெருகி, வருடத்துக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்திருக்கிறது. 2014 வெப்ப அலையின்போது சுவீடன், பின்லாந்துக் கரைகளில்கூட விப்ரியோ தொற்று வந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் வெப்பத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை. கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ இருப்பவர்கள் கால் புண்ணோடு காயலிலும் முகத்துவாரத்திலும் இறங்க வேண்டாம் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சரி, உப்புக்கு வருவோம். கிருமியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், உப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் கணக்கில் இதுதான் அதிகக் கவனம் வேண்டிய விஷயம்.

குல்னா மாவட்டத்தில் டகோப் என்று ஒரு வட்டாரம், சுந்தரவனத்தின் ஓரம். அங்கே கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தமும், அதன் தொடர்ச்சியான வலிப்பும் அதிகமாக வருவதாக உள்ளூர் மருத்துவர்கள் கவனித்தார்கள். அனேர் கான் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் 12.2 சதவீதக் கர்ப்பிணிகளுக்கும் மழைக்காலத்தில் 5.1 சதவீதத்தினருக்கும் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அந்தப் பகுதியினர் வறண்ட மாதங்களில் குடிதண்ணீர் வழியாக மட்டும் நாளுக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்தே 2 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ஊறுகாயைக் குறை, அப்பளத்தைக் குறை என்று நாம் கர்ப்பிணிகளுக்கு அறிவுரை சொல்வோமே, அது இங்கே செல்லாது. தண்ணீரை எப்படிக் குறைப்பது?

இந்த உப்பு எப்படி ஏறியது? கடல் மட்டம் உயர்வது ஒரு காரணம், ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். 1975-ல் இந்தியா ஃபராக்கா தடுப்பணையை இயக்கத் தொடங்கிய பிறகு, வறண்ட மாதங்களில் கங்கையிலிருந்து கோராய் ஆறு வழியாகக் குல்னாப் பக்கம் வரும் நன்னீர் குறைந்தது. நன்னீரின் தள்ளுதல் குறைந்தால் கடல் ஆற்றுக்குள் ஏறும். 1980-களிலிருந்து இறால் பண்ணைக்காரர்கள் கரைகளை வெட்டி வேண்டுமென்றே உப்புநீரை வயலுக்குள் விட்டார்கள். அப்புறம் 2007-ல் சிதர் புயல், 2009 மே 25-ல் அய்லா. அய்லா மண்கரைகளை உடைத்துவிட்டுப் போனபின் சில பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு வருடம் ஓதநீர் தினமும் வந்து வந்து போனது. குளங்கள் எல்லாம் உப்பாயின. இதில் எவ்வளவு பங்கு காலநிலைக்கு, எவ்வளவு பங்கு அணைக்கு, எவ்வளவு இறாலுக்கு என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முயல்வது வீண் வேலை என்று நினைக்கிறேன். குடிக்கிற பெண்ணுக்கு மூன்றும் ஒரே தம்ளரில்தான் வருகிறது.

சிக்கலைப் புரிந்துகொள்ள அந்த வீட்டுக்காரரின் நிலையில் இருந்து பாருங்கள். குளத்து நீரைக் குடித்தால் காலரா, வயிற்றுப்போக்கு. அதிலிருந்து தப்பிக்கத்தான் 1970-களில் இருந்து குழாய்க் கிணறுகள் போட்டார்கள். ஆழம் குறைந்த கிணற்றில் இயற்கையாகவே ஆர்செனிக் கிடப்பது பிறகு தெரிந்தது. பல இடங்களில் இன்னும் ஆழத்துக்குப் போனாலும் உப்புதான். மழைநீரைப் பிடித்து வைக்கலாம், ஆனால் மார்ச் மாதத்துக்குள் சிறிய தொட்டி காலியாகிவிடும். விற்கிற தண்ணீரை வாங்கக் காசு வேண்டும். ஒவ்வொரு தப்பிக்கும் வழியும் இன்னொரு நோயில் கொண்டுபோய் விடுகிறது. முன்பு சொன்ன காலராவின் முதல் உச்சமும் இதே வறண்ட மாதங்கள்தான்.

இதிலும் ஒரு திருப்பம் உண்டு. உப்புத் தண்ணீருக்குப் பதிலாக மழைநீர் கொடுத்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். தென்மேற்குக் கரையில் பிறகு நடந்த ஆய்வுகளில், லேசான உவர்நீர் குடிப்பவர்களின் இரத்த அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அந்த நீரில் சோடியத்தோடு கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன, அவை அழுத்தத்தைக் குறைக்கும் பக்கம் இழுக்கின்றன. மழைநீரில் இரண்டும் இல்லை. குளத்து நீரையும் மழைநீரையும் வடிகட்டி உவர்நிலத்தடிக்குள் செலுத்தி, உப்பு குறைந்த நீராகத் திரும்ப எடுக்கும் திட்டம் ஒன்றையும் முறைப்படி சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி இரத்த அழுத்தம் குறையவில்லை. இதனால் உப்புநீர் நல்லது என்று ஆகிவிடாது. உப்பு ஏறிய நீரின் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. மழைநீர் தருபவர்கள் தாது உப்புகளையும் யோசிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

நம் பக்கத்திலும் இந்தக் கதையின் ஒரு துண்டு உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்திருப்பது 1960-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. அன்று கடல் மட்டத்தைக் குறை சொல்ல இடமில்லை. விவசாயத்துக்கும் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் சேர்த்து நாம் அளவில்லாமல் உறிஞ்சியதுதான் காரணம். உயரும் கடல், நாம் ஏற்கனவே திறந்து வைத்த வழியில் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்.

கடலுணவின் நஞ்சு பற்றி ஒரு வார்த்தை. சில நுண்பாசிகள் நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அவற்றை வடிகட்டித் தின்னும் மட்டியிலும் கல்லுமேக்காயிலும் அந்த நஞ்சு சேரும், அந்தச் சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. சமைத்தாலும் போகாது, வாசனையிலும் தெரியாது. 1981-ல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமேக்காய் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். 2004 செப்டம்பரில் கொல்லத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையே கடலிலிருந்து வந்த குமட்டும் நாற்றத்தில் குழந்தைகள் உள்பட இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்தன, சாப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. சூடான நீர் இத்தகைய பாசிப் பெருக்கத்தின் பருவத்தை நீட்டிக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் 2015-ல் கடல் வெப்ப அலையின்போது பரவிய பாசி சுரந்த டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு நண்டுகளில் ஏறி, நண்டு பிடிப்பதையே மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் கடலுக்குள் விடும் சாக்கடையும் உரமும் பாசிக்குப் போடும் தீனி. வெப்பத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் நகராட்சிகள் சந்தோஷப்படும். சென்னைக் கடற்கரையில் இரவில் நீலமாக மின்னும் அலையைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: அது பெரும்பாலும் நாக்டிலூகா என்ற ஒளிரும் நுண்ணுயிரி, மேலே சொன்ன நஞ்சுகளைச் சுரக்கும் இனம் இல்லை. அளவு மீறினால் மீன் சாகும்.

மீன் குறைந்தாலும் அது உடல்நலப் பிரச்சினைதான். நோயாளிப் பட்டியலில் வராது, அவ்வளவே. மத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குமரிக் கரையில் சாளை. ஏழை வீட்டுத் தட்டில் புரதம், ஒமேகா-3, கால்சியம் எல்லாம் ஒரே மீனில். 2012-ல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் கிடைத்தது, 2021-ல் வெறும் 3,297 டன் என்கிறது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம். எல் நினோவும் கடல் வெப்பமும் அதன் இனப்பெருக்கத்தைக் குலைத்தன, குஞ்சு மீனை அள்ளியதும் சேர்ந்துகொண்டது. விலை ஏறும்போது ஊரில் யார் முதலில் மீனை நிறுத்துவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புழுக்கம். கடல் சூடானால் காற்றில் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் வியர்வை ஆறாது, வியர்வை ஆறாவிட்டால் உடம்பு குளிராது. கரையோரத்தில் 36 டிகிரி, உள்நாட்டின் 40 டிகிரியைவிடத் தாங்கமுடியாமல் இருப்பது இதனால். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள், நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், ஒதுங்க இடம் இல்லை என்பதால். சிறுநீரகம் கெடுவது வெப்பத்தால் என்று எழுதலாம். கழிப்பறை கட்டாததால் என்றும் எழுதலாம். இரண்டாவதைச் சரிசெய்ய உலக மாநாடு தேவையில்லை.

கடைசியாகப் புயல். கேள்வியில் அதை ஒதுக்கி வைத்தீர்கள், ஆனால் புயலில் சிக்காதவர்கள் என்று நினைக்கிறவர்களையும் அது பிடிக்கும். இன்றைய வங்கதேசத்தில் 1970 போலாப் புயலில் சுமார் மூன்று லட்சம் பேர் இறந்தார்கள், 2007 சிதரில் மூவாயிரத்துச் சொச்சம். சாவு இவ்வளவு குறைந்தது முன்னறிவிப்பும் புயல் காப்பகங்களும் தன்னார்வலர்களும் செய்த வேலை. ஆனால் காற்று நின்றபிறகு நிகழும் சாவுகளை எண்ணும் பழக்கம் உலகில் எங்குமே சரியாக இல்லை. 2017-ல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மரியா புயலுக்கு அரசு முதலில் சொன்ன கணக்கு 64. மறுகணக்கில் 2,975. மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் நின்றது, இன்சுலின் கெட்டது, சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் வரவில்லை. பல பேரின் சாவுச் சான்றிதழில் புயல் என்ற வார்த்தையே இருந்திருக்காது.

இதையெல்லாம் படித்தபின் நம் கடலோர ஊர்களில் என்ன செய்யலாம் என்று அடுத்து கேட்பீர்கள். உமிழ்வைக் குறைக்க வேண்டும், அது வேறு மேசையில் நடக்கும் பேச்சு. ஊர் அளவில் எனக்கு உடனே தோன்றுவது ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் நாளில், வீட்டில் குடிக்கும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை அதில் விட்டுப் பார்க்கலாம். அது சோடியத்தைத் தனியாகச் சொல்லாது. ஆனாலும் ஏப்ரலில் எண் எகிறினால் உடனே தெரியும், அந்த வீட்டுத் தண்ணீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்த்த எண்ணை அவர்களின் கர்ப்பகால அட்டையிலேயே, இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் குறித்து வைக்கலாம்.